முகம் யாருடையது? – வாசகர் கேள்வி பதில்

முகமாற்று அறுவைச் சிகிச்சை பற்றிச் சென்ற இதழில் வெளியான சிறு குறிப்பு, இந்தப் பகுதிக்கு வழக்கத்தைவிட அதிகமான கடிதங்களைக் கொண்டுவந்திருக்கிறது. 2005 நவம்பர் 27 அன்று, பிரான்சின் அமியேன் நகரில், வளர்ப்பு நாய் குதறியதால் முகத்தின் கீழ்ப்பகுதியை இழந்த இசபெல் தினுவார் என்ற 38 வயதுப் பெண்ணுக்கு, மூளைச்சாவு அடைந்த வேறொரு பெண்ணின் மூக்கு, உதடுகள், மோவாய் ஆகியவற்றை ஒரே துண்டாக எடுத்துப் பொருத்தியதே உலகின் முதல் பகுதியளவு முகமாற்றுச் சிகிச்சை என்று அதில் சொல்லியிருந்தோம். வந்த கடிதங்களில் ஐந்து மட்டும் இங்கே இடம்பெறுகின்றன.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், கும்பகோணம்: வேதாளம் விக்கிரமாதித்தனிடம் கேட்ட கதைகளில் ஒன்று நினைவுக்கு வருகிறது. வெட்டுண்டு கிடந்த இருவருடைய தலைகளை ஒரு பெண் அவசரத்தில் உடல் மாற்றிப் பொருத்திவிடுகிறாள்; இருவரில் யார் அவளுடைய கணவன் என்பது கேள்வி. தலை எவனுடையதோ அவனே கணவன் என்று அரசன் தீர்ப்பளித்தான். இந்தச் சிகிச்சையில் மாறுவது தலையா, உடலா? சிகிச்சைக்குப் பின் அந்தப் பெண் யார்?

பதில்: ‘எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம்’ என்பதுதான் அரசனுடைய நியாயம். அதன்படி பார்த்தால் இங்கே சிக்கலே இல்லை. தலை மாறுவதில்லை. மூளை, நினைவு, குரல் எழும் தொண்டை, கண்கள் எல்லாம் பெறுபவருடையவை. வருவது தோல், அதன் கீழுள்ள கொழுப்பு, தசை, நரம்பு, இரத்தக் குழாய்கள், சிலருக்கு மட்டும் தாடை எலும்பும் பற்களும். ஆகவே தினுவார் தினுவாராகவே இருந்தார் என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். ஆனால் அந்த ஒரு வரி உங்களுக்கு நிறைவளிக்காது என்று நினைக்கிறேன், எனக்கும் அளிக்கவில்லை.

காரணம், நாம் ஒருவரை அறிவது மூளையைக் கொண்டு அல்ல. அறிமுகமில்லாதவரை ‘முகம் தெரியாதவர்’ என்கிறோம். உறவு கசந்தால் ‘முகத்தில் விழிக்கமாட்டேன்’ என்கிறோம். மறுக்க முடியாமல் ஒன்றைச் செய்தால் அதற்கு முகதாட்சண்யம் என்று பெயர். நான் யார் என்பதை என் நினைவு எனக்குச் சொல்கிறது; நான் யார் என்பதை என் முகம் பிறருக்குச் சொல்கிறது. முன்னது எனக்குள் இருப்பது, பின்னது மற்றவர்களிடம் நான் விட்டுவைத்திருப்பது. உங்கள் தயக்கம் இரண்டாவதைப் பற்றியது.

அதற்கு முதல் மறுமொழி, இழப்பு நேர்ந்தது அறுவை அரங்கில் அல்ல என்பதுதான். 2005 மே மாதத்தில் தினுவார் தூக்க மாத்திரைகளால் மயங்கிக் கிடந்தபோது நாய் அவர் முகத்தைக் குதறியது. விழித்தெழுந்தவர் சிகரெட் ஒன்றைப் பற்றவைக்க முயன்றார். அது ஏன் வாயில் நிற்க மறுக்கிறது என்று அவருக்கு முதலில் விளங்கவில்லை. உதடுகள் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. அடுத்த ஆறு மாதங்கள் உண்ணுவதற்கும் பேசுவதற்கும் அவர் பட்ட பாடு ஒருபுறம், வெளியே போகும்போது முகமூடி அணிந்தது மறுபுறம். அவருடைய பழைய முகத்தை மருத்துவர்கள் எடுத்துக்கொண்டு புதியதைக் கொடுக்கவில்லை. பழையது அன்றைக்கே போய்விட்டது.

இரண்டாவது மறுமொழி தோற்றம் பற்றியது. பொருத்தப்பட்ட தோல், பெறுபவருடைய எலும்பின் மீது படிகிறது. தலையணை உறை தலையணையின் வடிவத்தைக் கொள்வதைப் போல. ஆகவே கொடுத்தவரின் சாயல் அப்படியே வந்துவிடுவதில்லை, பெற்றவருடைய பழைய சாயலும் மீள்வதில்லை. மூன்றாவதாக ஒரு முகம் உருவாகிறது. எலும்பும் சேர்ந்து மாற்றப்பட்டால் கொடுத்தவரின் சாடை சற்றுக் கூடுதலாகத் தெரியும்.

ஆனால் எனக்கு இவை இரண்டையும்விட முக்கியமாகப் படுவது வேறொன்று. பதினெட்டு மாதங்களுக்குப் பிறகு, 2007இல், அவருடைய மருத்துவர்கள் வெளியிட்ட அறிக்கையில் ஆறு மாதத்துக்குள் தொடு உணர்வும் சூடு, குளிர் உணரும் திறனும் திரும்பிவிட்டதாகவும், உதடுகள் முழுமையாகக் கூடி வாய் மூடுவதற்குப் பத்து மாதங்கள் ஆனதாகவும் பதிவு செய்திருக்கிறார்கள். அதோடு, முகம் வேலை செய்யத் தொடங்கிய அளவுக்கு மனமும் அதை ஏற்றுக்கொண்டது என்கிறார்கள். தொடக்கத்தில் வாய்க்குள் நாவால் துழாவும்போது அந்த மென்மை அவருக்கு அருவருப்பாக இருந்தது. பிறகொரு நாள், தனக்கு இதுவரை வந்திராத இடத்தில், மோவாயில் ஒரு முடி முளைத்திருப்பதைக் கண்டார். அதற்கு உயிர் கொடுப்பவர் தானே என்றாலும் முடி முகம் தந்தவளுடையது என்று அதைப் பற்றிச் சொன்னார். வேதாளத்தின் கேள்விக்கு அரசன் சொன்னதைவிட இந்தப் பெண் சொன்னது நுட்பமானது. முழுவதும் என்னுடையது என்றும் அவர் சொல்லவில்லை, இது வேறொருத்தி என்றும் சொல்லவில்லை. பேசி, உண்டு, முத்தமிட்டு, முகம் சுளித்துப் பழகப் பழக அது தன்னுடையதாகிக்கொண்டே இருக்கிறது. ஆனால் முழுதாக ஆகி முடிவதில்லை.

கண்ணாடிதான் முகத்துக்கு ஆதாரம் என்று நினைப்பவர்கள் டல்லஸ் வீன்ஸ் என்ற அமெரிக்கரை நினைத்துப் பார்க்கலாம். 2008இல் டெக்சாசில் ஒரு தேவாலயத்துக்கு வண்ணம் பூசும்போது உயர் அழுத்த மின்கம்பியில் பட்டு, முகத்தோடு பார்வையையும் இழந்தவர். 2011 மார்ச்சில் பாஸ்டன் நகரில் அவருக்கு முழு முகமும் பொருத்தப்பட்டது. பார்வையற்றவருக்கு எதற்கு முகம் என்ற விவாதம் அந்தக் காலத்தில் மருத்துவர்களிடையே உண்மையாகவே இருந்தது. என் கருத்தில் அது சற்று வெட்கக்கேடான விவாதம். புதிய முகத்தை அவர் ஒருபோதும் பார்க்கவில்லை. தன் சிறு மகள் கன்னத்தில் இட்ட முத்தத்தை உணர்ந்ததைத்தான் பெரிய பேறாகச் சொன்னார்.

கல்லூரி மாணவி, கோயம்புத்தூர்: சிறுநீரகமோ இதயமோ இல்லாவிட்டால் உயிர் போய்விடும், முகம் இல்லாவிட்டால் உயிர் போகாது. உயிர் காக்கும் தேவை இல்லாத ஒன்றுக்காக, உயிருக்கே ஆபத்தான மருந்துகளை வாழ்நாள் முழுவதும் சாப்பிடச் சொல்வது மருத்துவ அறத்துக்குப் பொருந்துமா?

பதில்: இந்தத் துறையின் மையக் கேள்வியை நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். அடையாளம் பற்றிய கேள்வி கதைக்குச் சுவையாக இருக்கும். அறம் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான்.

பிறருடைய திசுவை உடல் அந்நியனாகக் கண்டு தாக்கும். அதைத் தடுக்க, உடலின் எதிர்ப்பாற்றலையே மட்டுப்படுத்தும் மருந்துகளை நாள் தவறாமல் உட்கொள்ள வேண்டும். அவற்றால் தொற்றுநோய்களும் சிறுநீரகச் சேதமும் சிலவகைப் புற்றுநோய்களும் வரும் வாய்ப்பு கூடுகிறது. இதை எண்ணித்தான் 2003இல் இங்கிலாந்தின் அரச அறுவை மருத்துவர் கல்லூரி, இந்தச் சிகிச்சையைத் தொடங்குவது இப்போதைக்கு விவேகமல்ல என்றது. 2004இல் பிரான்சின் தேசிய அறநெறிக் குழுவும் முழு முகமாற்றத்தை ஏற்கவில்லை. வாயையும் மூக்கையும் சுற்றிய பகுதியை மட்டும், கடுமையான நிபந்தனைகளோடு, ஆராய்ச்சியாகச் செய்யலாம் என்று இடம்கொடுத்தது. தினுவாருக்கு நடந்தது அந்தச் சிறு இடைவெளிக்குள்தான்.

அந்த அறுவையை நடத்திய பெர்னார் தெவோஷெலுடன் சேர்ந்து பணியாற்றிய ழான் மிஷேல் துபெர்னாருக்கு ஒரு கசப்பான முன்னனுபவம் இருந்தது. 1998இல் லியோனில் கிளின்ட் ஹாலம் என்பவருக்கு வேறொருவரின் கையைப் பொருத்திய குழுவின் தலைவர் அவர். ஹாலம் மருந்துகளை ஒழுங்காக உட்கொள்ளவில்லை. அந்தக் கை தன்னுடையது என்ற உணர்வும் அவருக்கு வரவில்லை. 2001இல் அவரே கேட்டுக்கொண்டு அதை அகற்றிக்கொண்டார். கையை எடுத்துவிடலாம். முகத்தை எடுத்தால்?

அந்தக் கேள்விக்கும் பின்னாளில் விடை கிடைத்தது. ஜெரோம் ஆமோன் என்ற பிரெஞ்சுக்காரருக்கு, பிறவி நோயினால் உருக்குலைந்த முகத்தை மாற்றி, மருத்துவர் லோரான் லாந்தியேரி 2010இல் வேறொரு முகம் பொருத்தினார். சில ஆண்டுகளில் உடல் அதை நிராகரிக்கத் தொடங்க, 2017இன் இறுதியில் அகற்றவேண்டியதாயிற்று. ஏறத்தாழ இரண்டு மாதங்கள், இமையும் உதடும் தோலும் இன்றி, கேட்கவும் பேசவும் இயலாமல் அவர் மருத்துவமனைப் படுக்கையில் காத்திருந்தார். 2018 ஜனவரியில் 22 வயது இளைஞர் ஒருவரின் முகம் கிடைத்தது. நாற்பதைத் தாண்டியிருந்த ஆமோன், தனக்கு மீண்டும் இருபது வயதாகிவிட்டதாக நகைச்சுவையாகச் சொன்னார். இப்படியொரு இரண்டு மாதத்துக்குப் பின் நகைச்சுவை வருகிறதென்றால் அவருடைய நெஞ்சுரத்தை என்னவென்பது!

எல்லாருக்கும் இரண்டாவது வாய்ப்பு அமையவில்லை. 2006இல் சீனாவின் ஷியான் நகரில், கரடி தாக்கிய லி குவோஷிங் என்ற கிராமவாசிக்கு முகம் பொருத்தினார்கள். ஊர் திரும்பிய அவர், மருந்துகளைக் கைவிட்டு மூலிகை வைத்தியத்துக்கு மாறினார், 2008இல் இறந்துபோனார். தினுவார் புதிய முகத்தோடு பத்து ஆண்டுக்குச் சற்று மேல் வாழ்ந்தார். கடைசிக் காலத்தில் நிராகரிப்பு ஏற்பட்டு உதடுகளின் இயக்கம் ஓரளவு போயிற்று, புற்றுநோயும் வந்தது. 2016 ஏப்ரலில் தமது 49ஆம் வயதில் காலமானார். 2024இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வின்படி, பதினொரு நாடுகளில் 48 பேருக்கு 50 முகமாற்றங்கள் நடந்திருந்தன. முதன்முறை பொருத்திய முகங்களில் ஐந்து ஆண்டு நிலைத்தவை நூற்றுக்கு 85, பத்து ஆண்டு நிலைத்தவை நூற்றுக்கு 74. புதிய துறைக்கு இது நல்ல கணக்குத்தான். ஆனால் முப்பது வயதில் முகம் பெறுபவருக்குப் பத்து ஆண்டு என்பது நாற்பது வயதுதான்.

சரி, அப்படியானால் கூடாதா? பிரான்சின் அறநெறிக் குழு ஒரு கூர்மையான வாதத்தை வைத்தது: இவ்வளவு துயரத்தில் இருப்பவர் தரும் ஒப்புதல் உண்மையிலேயே சுதந்திரமான ஒப்புதலாக இருக்க முடியுமா? இந்த வாதத்தை நான் மதிக்கிறேன், ஆனால் முழுதும் ஏற்கவில்லை. துயரம் மிகுந்தவர் என்பதாலேயே ஒருவருக்குப் புரியும் ஆற்றல் இல்லை என்று முடிவு கட்டினால், எந்தப் பெரிய சிகிச்சைக்கும் எந்த நோயாளியும் ஒப்புக்கொள்ளத் தகுதியற்றவராகிவிடுவார். ‘உயிருக்கு ஆபத்தில்லை’ என்ற சொல்லும் எனக்கு உறுத்துகிறது. வாய் மூடாமல் எச்சில் வழிந்துகொண்டிருப்பவர், இமை மூடாததால் கண் காய்ந்து பார்வை போய்க்கொண்டிருப்பவர், ஆண்டுக்கணக்கில் குழாய் வழியே உணவும் மூச்சும் பெறுபவர் ஆகியோரைப் பார்த்து, உயிர்தான் இருக்கிறதே என்று சொல்வதற்கு நல்ல உடல்நலம் வேண்டும்.

நான் கவலைப்படுவது அறுவைக்குப் பிந்திய காலத்தைப் பற்றி. அமெரிக்காவில் இந்தச் சிகிச்சைகள் பலவற்றுக்கு, போரில் காயமடைந்த வீரர்களை மனத்தில் வைத்து, அந்நாட்டுப் பாதுகாப்புத் துறை ஆராய்ச்சி நிதி அளித்தது. ஆராய்ச்சி நிதி ஒருநாள் முடியும், மருந்து முடியாது. நோயாளியிடம் கையெழுத்து வாங்கும் மருத்துவமனை, இருபதாம் ஆண்டின் மருந்துச் சீட்டுக்கும் தானே பொறுப்பு என்று பதிலுக்குக் கையெழுத்திட வேண்டும். அது இல்லாத ஒப்புதல் படிவம் எத்தனை பக்கம் இருந்தாலும் அரைகுறைதான்.

செவிலியர், யாழ்ப்பாணம்: கொடுத்தவரின் குடும்பத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லையே? தன் பிள்ளையின் முகம் தெருவில் நடந்து வந்தால் தாய்க்கு எப்படியிருக்கும்? அந்த முகத்தைப் பார்க்கும் உரிமை அவளுக்கு உண்டா?

பதில்: பொருத்தப்பட்ட பின் அது மற்றொருவருடைய உடல், ஆகவே உரிமை என்று ஒன்றும் இல்லை. வேண்டுகோள் உண்டு, பெற்றவர் இசைந்தால் சந்திப்பு உண்டு.

நாட்டுக்கு நாடு இதில் வழக்கம் வேறுபடுகிறது. பிரான்சில் கொடுத்தவரும் பெற்றவரும் ஒருவரையொருவர் அறியக்கூடாது என்பது சட்டம். அப்படியிருந்தும் தினுவாருக்கு முகம் தந்தவரைப் பற்றிய விவரங்களைச் செய்தித்தாள்கள் சில வாரங்களிலேயே துருவி எடுத்துவிட்டன. தினுவாரும் வெளியே தலைகாட்டினால் சர்க்கஸ் விலங்கைப் போல வேடிக்கை பார்க்கப்படுவதாக வருந்தினார். கொடுத்தவரின் உடலை மரியாதையோடு அனுப்பும் பொருட்டு, எடுத்த பகுதிக்கு ஈடாகச் சிலிக்கோனில் செய்த வார்ப்பைப் பொருத்தியே குடும்பத்தாரிடம் ஒப்படைத்தார்கள். இதைப் பலர் அறிவதில்லை. நீங்கள் செவிலியர் என்பதால் இந்தச் சிறு செயலின் பெறுமதி உங்களுக்குத் தெரியும்.

அமெரிக்காவில் இரு தரப்பும் விரும்பினால் சந்திக்கலாம். 2016 ஜூனில் மேயோ கிளினிக்கில் ஆண்டி சாண்ட்னஸ் என்பவருக்கு முகம் பொருத்தினார்கள். கொடுத்தவரின் இளம் மனைவி அப்போது கருவுற்றிருந்தார். அடுத்த ஆண்டு, சிறு குழந்தையோடு வந்து சாண்ட்னஸைச் சந்தித்தார். கணவரின் முகமே எதிரில் நிற்குமோ என்ற அச்சம் அவருக்கு இருந்தது. ஆனால் கண்ணும் நெற்றியும் வேறாக இருந்ததால் அப்படித் தோன்றவில்லை. மோவாயில், தாடிக்கு நடுவே முடி வளராத ஒரு சிறு திட்டு மட்டும் அவருக்கு அடையாளம் தெரிந்தது. அதை விரலால் தொட்டுப் பார்த்தார். நீங்கள் கேட்ட தாய்க்கும் அநேகமாக அவ்வளவுதான் தெரியும்: ஒரு மச்சம், ஒரு தழும்பு, ஒரு வெற்றுத் திட்டு. அது ஆறுதலா வேதனையா என்பதைச் சட்டம் முடிவு செய்ய முடியாது என்பதாலேயே, முகத்துக்கு மட்டும் குடும்பத்திடம் தனியாகக் கேட்க வேண்டும் என்ற நெறி வந்தது. அமெரிக்காவில் 2014 முதல் முகமும் கையும் உறுப்புத் தான விதிகளுக்குள் கொண்டுவரப்பட்டுள்ளன. ஆயினும் சிறுநீரகத்துக்கும் கல்லீரலுக்கும் தந்த ஒப்புதல் இவற்றுக்குச் செல்லாது.

நம் பக்கத்தில் நேரடியாக ஒப்பிடத் தக்கது கை. 2015இல் கொச்சியிலும் 2018இல் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையிலும் கைமாற்றுச் சிகிச்சைகள் நடந்தன. 2017இல் கொச்சியில் ஓர் இளைஞரின் இரு கைகளையும் பெற்ற மாணவிக்கு, நாளடைவில் அந்தக் கைகள் மெலிந்து நிறமும் அவருடைய நிறத்தை ஒட்டி மாறியதாகச் செய்திகள் வந்தன. மூளைச்சாவு அறிவிக்கப்பட்ட பிள்ளையின் கண்ணையும் இதயத்தையும் தரத் துணிந்த பெற்றோர்கூட, வெளியே தெரியும் உறுப்பு என்றால் ஒரு கணம் தயங்குவார்கள். அந்தத் தயக்கத்தை மூடநம்பிக்கை என்று ஒதுக்குபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

வாசகர், திருநெல்வேலி: சினிமாவில் வருவதுபோல, குற்றவாளி ஒருவன் முகத்தை மாற்றிக்கொண்டு போலீசாரிடமிருந்து தப்பிவிட முடியாதா? அழகுக்காகவும் நாளை இதைச் செய்துகொள்வார்களே?

பதில்: முடியாது. இரத்த வகையும் நிறமும் வயதும் பொருந்திய, மூளைச்சாவு அடைந்த ஒருவருக்காக மாதக்கணக்கில் காத்திருந்து, பெரிய மருத்துவக் குழு பல மணி நேரம் செய்யும் அறுவையை, ஊருக்கே செய்தியாகாமல் செய்துகொள்ளும் குற்றவாளி இருந்தால் அவனுக்குத் திருட வேண்டிய தேவையே இராது. கைரேகையும் கருவிழியும் மாறுவதில்லை. ஆதாரில் இரண்டுமே பதிவாகியுள்ளன. அழகு பற்றிய கேள்விக்கு மேலே சொன்ன மருந்துகளே பதில்.

பெயர் வெளியிட விரும்பாதவர், சேலம் மாவட்டம்: என் தங்கை அமிலத் தாக்குதலுக்கு ஆளானவர். நான்கு அறுவைகள் முடிந்துவிட்டன. முகமாற்றுச் சிகிச்சைக்காகக் காத்திருக்கலாமா என்று அம்மா கேட்கிறார். வீட்டில் இருந்த கண்ணாடிகளையெல்லாம் எடுத்துவிட்டோம். செய்தது சரியா?

பதில்: காத்திருக்க வேண்டாம் என்பதே என் கருத்து. உங்கள் தங்கையின் உடலிலிருந்தே தோலும் சதையும் எடுத்துச் செய்யும் சீரமைப்பில், இறுகிய கழுத்தை விடுவிப்பது, இமை மூடும்படி செய்வது, வாய் திறக்கும் அளவைக் கூட்டுவது ஆகியவற்றை ஒவ்வொன்றாகச் செய்ய முடியும். அந்தத் தோல் அவருடையதே. அதற்காக ஆயுள் முழுவதும் மருந்து தேவையில்லை. முகமாற்றம் என்பது அத்தகைய வழிகள் எல்லாம் அடைபட்ட பின்னர் எண்ணிப் பார்க்க வேண்டியது. அமிலத் தாக்குதலுக்கு ஆளானவர்களுக்கு அரசு மருத்துவமனை, தனியார் மருத்துவமனை இரண்டுமே கட்டணமின்றிச் சிகிச்சை அளிக்க வேண்டும் என்பது சட்டம். 2015இல் உச்ச நீதிமன்றம் இதை வலியுறுத்தி, சீரமைப்பு அறுவையும் அதில் அடங்கும் என்று தெளிவுபடுத்தியது. எந்த மருத்துவமனையாவது மறுத்தால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் எழுத்து மூலம் முறையிடுங்கள். இழப்பீட்டுக்கும் அங்கேயே விண்ணப்பிக்கலாம்.

ஒன்று சொல்கிறேன். சாண்ட்னஸ் தமக்கு முகம் கிடைத்துவிட்டதை உணர்ந்தது கண்ணாடி முன் அல்ல. சிகிச்சை முடிந்து சில மாதங்களுக்குப் பின், லிஃப்டில் இருந்த ஒரு சிறுவன் அவரை ஒருமுறை பார்த்துவிட்டு, அச்சமோ கேள்வியோ இன்றித் தன் தாயின் பக்கம் திரும்பிக்கொண்டான். அவர் வேண்டியிருந்தது அழகோ பழைய சாயலோ அல்ல, கூட்டத்தில் யாரும் உற்றுப் பார்க்காமல் நிற்பது. உங்கள் தங்கைக்கும் பேருந்தில் வேண்டியது அதுதான் என்றால், அதில் பாதி மருத்துவர் கையில் இல்லை, மற்ற பயணிகளிடம் இருக்கிறது.

கண்ணாடிகளைப் பற்றிக் கேட்டீர்கள். தீக்காயப் பிரிவுகள் சிலவற்றில், நோயாளி கேட்கும்போது, பயிற்சி பெற்ற ஒருவர் உடனிருக்க, அவருக்குக் கண்ணாடி தருவது வழக்கம். ஒளித்து வைப்பதுமில்லை, திணிப்பதுமில்லை. அன்பினால்தான் எடுத்துவிட்டீர்கள், அதில் ஐயமில்லை. ஆனால் தங்கையைக் கேட்காமல் எடுத்திருந்தால், எந்த அலமாரியில் வைத்திருக்கிறீர்கள் என்பதை மட்டும் அவரிடம் சொல்லிவிடுங்கள். எடுத்து மாட்டுவதா வேண்டாமா என்பதை அவர் பார்த்துக்கொள்வார்.